காந்தாரம் எங்கே?

அன்புள்ள சுருதிப்பெட்டிக்கு,

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. திட்டுவதாக இருந்தால் கடிதத்தை முடித்துவிட்டுத் திட்டு, ஏனென்றால் கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறேன், அப்போது திட்டுவதற்கு உனக்கு வாய் இருக்காது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் அப்படியேதான். தம்புரா அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். விடையளிப்புக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து முதலில் சொன்னதே "சுருதி சேரலையே" என்றுதான். பின்வரிசையில் நான் ஒருத்தி மட்டும் சிரித்தேன். நீ இருந்திருந்தால் இரண்டு பேரையும் வெளியே அனுப்பியிருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் இசைத்துறை உட்பட எல்லாத் துறைகளையும் மதிப்பிட ஒரு குழு வந்தது. அதற்கு முன்னால் ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கட்டம்: "துறையின் பணியும் நோக்கமும், 200 சொற்களுக்கு மிகாமல்." இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு ஒரு வரி வரவில்லை. கடைசியில் பழைய அறிக்கையிலிருந்து "தலைசிறந்த மேடைக் கலைஞர்களை உருவாக்குதல்" என்று எடுத்துப் போட்டேன். அடுத்த கட்டத்தில் கேட்டிருந்தார்கள்: கடந்த பத்து வருஷத்தில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணினேன். ஒரு கையிலேயே கட்டை விரல் மிச்சம்.

குழுவில் ஒரு கணிதப் பேராசிரியர், நல்ல மனிதர், மெதுவாகத்தான் கேட்டார்: "பாடகர்தான் வேண்டுமென்றால் ஒரு நல்ல குருவிடம் அனுப்பிவிடலாமே அம்மா, துறை எதற்கு?" நான் தண்ணீர் குடித்தேன். அப்புறம் இன்னொரு தரம் குடித்தேன். அந்த நேரத்தில் உன் குரல்தான் காதில் கேட்டது. "பாட வராதவள் பாடம் நடத்துவாள்." நீ விளையாட்டாகத்தான் சொன்னாய், எல்லோரும் சிரித்தோம், நானும்தான். ஆனால் அன்றைக்குப் பிறகு உன் முன்னால் நான் பாடியதே இல்லை, கவனித்தாயா?

அதை விடு. அன்று ராத்திரி தூக்கம் வராமல் இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது ஒன்றும் புதிய கேள்வி இல்லை. பாடவும் வாசிக்கவும் ஆள் தயார் செய்வதற்கென்றே தனியாகப் பள்ளிகள் உண்டு. பாரிஸ் கன்சர்வத்வார் 1795-லேயே வந்துவிட்டது. பல்கலைக்கழகம் இசையை உள்ளே விட்ட கதையே வேறு. இடைக்கால ஐரோப்பாவில் எண்கணிதம், வடிவியல், வானியல் இவற்றோடு நான்காவதாக இசையை உட்கார வைத்தார்கள். அங்கே யாரும் தொண்டையைத் திறக்கவில்லை. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் ஏன் மேல் ஷட்ஜம், அதாவது மேல் "ச", வருகிறது என்ற ரகம். அதற்கும் முன்னால், ஆறாம் நூற்றாண்டுக்காரர் போயிதியஸ், இசையில் புழங்குகிறவர்களை மூன்று வகையாகப் பிரித்தார்: வாசிக்கிறவர், இயற்றுகிறவர், கேட்டு அறிவால் எடைபோடுகிறவர். மூன்றாமவர்தான் உண்மையான இசைஞர் என்பது அவர் தீர்ப்பு. அவர் கணக்கில் நீ கடைசிப் படி, நான் மேல்படி. இதைப் படித்தபோது உனக்கு உடனே போன் பண்ண வேண்டும் போலிருந்தது. ராத்திரி இரண்டு மணி என்பதால் பிழைத்தாய்.

ஆனால் அவரோடும் எனக்கு முழுசாக ஒத்துப்போகவில்லை. பாடாமலே எடைபோடுகிறவர்களைத்தான் நாம் ஒவ்வொரு கச்சேரியிலும் மூன்றாம் வரிசையில் பார்த்திருக்கிறோமே. புல்லாங்குழல் டி. விஸ்வநாதனை எடுத்துக்கொள். வீணை தனம்மாளின் பேரன், நடனமணி பாலசரஸ்வதியின் தம்பி, அந்த வாசிப்புக்கு மேல் வேறென்ன தகுதி வேண்டும்? அவர் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைவராக இருந்தார், பிறகு அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1975-இல் ராக ஆலாபனையை, அதாவது பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை விரிப்பதை, எடுத்துக்கொண்டு முனைவர் பட்டமும் வாங்கினார். தன் கை செய்வதை ஏன் அப்படிச் செய்கிறது என்று தானே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அந்த மாதிரி ஆள் பத்து வருஷத்துக்கு ஒருவர் கிடைத்தாலும் போதும்.

நம்மிடம் என்ன நடக்கிறது தெரியுமா? "இன்னாரின் இசைப் பங்களிப்பு: ஓர் ஆய்வு." முந்நூறு பக்கம். பிறப்பு, வளர்ப்பு, பெற்ற விருதுகள், பின்னிணைப்பாக நூறு பாட்டின் சுரக்குறிப்பு. வாய்மொழித் தேர்வில் நான் கேட்பது ஒரே கேள்வி: "இவர் பாடியதில் எந்தப் பதிவை அதிக தரம் கேட்டீர்கள்?" போன வாரம் ஒரு பையன் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, "கேட்கவும் வேண்டுமா மேடம்?" என்றான். அவனைக் குறை சொல்லி என்ன? கேட்பது ஒரு பாடம் என்று நாங்கள் சொல்லியிருந்தால்தானே!

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயம். இந்த வருஷம் மற்றத் துறை மாணவர்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விருப்பப் பாடம் வைத்தேன். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். அதில் வேதியியலிலிருந்து ஒரு பெண். சுருதி சுத்தமாக நிற்காது, தாளம் போடச் சொன்னால் விரல் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். முதல் நாள் அந்தக் காலப் பாடகி கௌஹர் ஜானின் பழைய இசைத்தட்டு ஒன்றை ஓடவிட்டேன். 1902-இல் கல்கத்தாவில் தொடங்கி அவர் பாடிக் கொடுத்தாரே, அந்த வரிசையில் ஒன்று. நம் துறைப் பிள்ளைகள் ராகத்தைச் சொன்னார்கள், குரல் உச்சத்தில் எங்கே போகிறது என்று சொன்னார்கள், எல்லாம் சரி. இந்தப் பெண் கையைத் தூக்கி, "இவங்க ஏன் மேடம் பஸ் போயிடும்ங்கிற மாதிரி பாடறாங்க? முடிச்ச உடனே பேரை வேற ஏன் இங்கிலீஷ்ல சொல்றாங்க?" என்றாள்.

இதற்கு விடை எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷம்தான் பிடிக்கும். தட்டு அச்சாவது ஜெர்மனியில் ஹனோவரில். அங்கே இருக்கிறவருக்கு எந்தத் தட்டு யாருடையது என்று தெரிய வேண்டும், அதனால் பாட்டு முடிந்ததும் பெயர். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நம் பிள்ளைகள் அதைக் கேட்கவே இல்லை, காதில் விழுந்தும் விழவில்லை. அப்புறம் அந்த வகுப்பு முழுவதும், ஒன்றரை மணி நேரம் விரியும் ராகத்தை மூன்று நிமிஷத்தில் அடைத்தால் எதை விடுவாய், எதை வைத்துக்கொள்வாய் என்பதிலேயே போயிற்று. சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் இன்னும் மோசம். கோபித்துக்கொள்ளாதே, நீ பாடிய தோடி ராகத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். கணினியில் சுருதிக் கோடு வரைகிற மென்பொருள் இருக்கிறதல்லவா, அதில் உன் ஆலாபனையின் பத்து வினாடியைப் போட்டுத் திரையில் காட்டினேன். சுரக்குறிப்பில் காந்தாரத்துக்கு "க" என்று ஒற்றை எழுத்து. திரையில் பார்த்தால் கோடு அதற்குக் கீழே உள்ள ரிஷபத்துக்கும் மேலே உள்ள மத்தியமத்துக்கும் நடுவில் ஊஞ்சல் ஆடுகிறது, காந்தாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நொடி கூட நிற்கவில்லை. அந்தப் பெண் கேட்டாள்: "இதுல காந்தாரம் எங்கே மேடம்?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயா நம்மை முப்பது தடவை பாடவைத்துச் சொல்லித் தந்ததை இவள் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள். அந்தப் பத்து வினாடியை எல்லோரையும் கையால் எழுதச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு விதமாக எழுதினார்கள். துறையிலேயே நன்றாகப் பாடுகிற பிள்ளை, உன் மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டு பாடுவாள், வகுப்பு முடிந்ததும் வந்து, "இத்தனை நாள் நான் என்ன பாடறேன்னே எனக்குத் தெரியாம இருந்திருக்கு" என்றாள். பயந்துபோய்ச் சொன்னாளா சந்தோஷத்தில் சொன்னாளா, இன்னும் எனக்குப் புரியவில்லை.

அந்தக் கணிதப் பேராசிரியருக்கு இதைத்தான் எழுதி அனுப்பினேன். 200 சொல் தாண்டிவிட்டது. பாடகரை உருவாக்க எங்களை விட நல்ல குருக்கள் இருக்கிறார்கள், எங்கள் வேலை கேட்கக் கற்றுக்கொடுப்பது, கேட்டதை ஏன் என்று கேட்கவைப்பது, கேட்க வேண்டியதைப் பத்திரமாக வைத்திருப்பது என்று எழுதினேன். மூன்றாவதை எழுதும்போதுதான் பேனா நின்றுவிட்டது.

1900-இல் பெர்லினில் கார்ல் ஷ்டும்ப் என்ற உளவியல் பேராசிரியர், சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, வந்த இசைக்குழுவை மெழுகு உருளையில் பதிந்து வைத்தார். அங்கேதான் ஒலிக் காப்பகம் தொடங்கியது. இன்றைக்கும் அதைக் கேட்கலாம். எங்கள் துறையில் ஒரு பச்சை அலமாரி உண்டு, உனக்கு நினைவிருக்கும். அதைத் திறந்தேன். முப்பத்தெட்டு கேசட், பதினோரு ஸ்பூல் நாடா. பாதிக்கு மேல் பூஞ்சை. ஒன்றில் பெயர்ச்சீட்டு மட்டும் இருக்கிறது, உள்ளே நாடா இல்லை. இதற்கு யார் பொறுப்பு? நான்தான். சாவி என்னிடம்தான் இருந்தது.

பிழைத்தவற்றில் ஐயாவின் வகுப்பு ஒன்று. நாடா பல வருஷம் சுருண்டே கிடந்தால் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் பதிந்துவிடும். அதனால் அவர் பாடத் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்னாலேயே அவர் குரல் தூரத்திலிருந்து வருகிற மாதிரி மெல்லக் கேட்கிறது. பிறகு நிஜக் குரல். நான் அந்த இடத்தையே ஏழு எட்டுத் தடவை கேட்டேன். தொடர்ச்சி இரண்டாம் கேசட்டில். அது அலமாரியில் இல்லை.

அது உன்னிடம் இருக்கிறது, சுருதிப்பெட்டி. இறுதியாண்டுப் பரீட்சைக்கு முன்னால் "ரெண்டே நாள்" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாய். நீல மூடி, ஓரம் உடைந்தது. தேடு. கிடைத்தால் சாதாரணத் தபாலில் போடாதே, யாராவது வருகிறவர் கையில் கொடுத்தனுப்பு. வெயிலில் வைக்காதே, காந்தம் பக்கத்தில் வைக்காதே. முக்கியமாக, ஆசையாக இருக்கும் என்று தெரியும், இருந்தாலும் போட்டுக் கேட்டுப் பார்க்காதே. பூஞ்சை இருந்தால் முதல் ஓட்டத்திலேயே உரிந்துவிடும். இங்கே கொண்டுவந்த பிறகு சேர்ந்தே கேட்போம்.

உன்
மூன்றாம் வரிசை