ரைன் கப்பல் பயணம்: விளக்கிச் சொன்ன அண்ணனுக்கு நன்றி

சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் எங்கள் பயணக் குழுவுக்கு விளக்கம் சொல்லிவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் கிளம்பிய அண்ணனுக்கு நன்றி. விளம்பரத்தாளில் இல்லாததை நீங்கள்தான் சொன்னீர்கள். கோடை முடிவில் ஜெர்மனியின் கௌப் ஊர்ப் பக்கம் ரைன் ஆறு வற்றினால் கப்பல் அடி தட்டும். பயணிகளைப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். வெள்ளம் வந்தாலோ பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. கீழ்த்தள அறைச் சன்னல் நீர்மட்டத்தை ஒட்டியிருக்கும், பெரும்பாலும் திறக்காது. பால்கனிக்குக் கூடுதல் காசு கொடுத்தாலும், துறையில் கப்பல்களைப் பக்கம் பக்கமாகக் கட்டினால் அடுத்த கப்பல்தான் தெரியும்! கரையோரக் கோட்டைகள் நெருங்கி வருவது பிங்கென் ஊரிலிருந்து கோப்லென்ஸ் நகர் வரை, சுமார் 65 கிலோமீட்டர். அதைப் பகலில் கடக்கிறார்களா என்று முன்பணம் கட்டுமுன் கேட்கச் சொன்னீர்கள். கேட்டோம், முகவர் முழித்தார். மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள் வரை ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) தேவையில்லை என்றதும் பெரியவர்களுக்குப் பெரிய நிம்மதி.