சேவைக்கு ஒன்று, ஆசைக்கு ஒன்று

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கல்லூரியில் சேரக்கூடிய சங்கங்கள் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), என்.சி.சி. (தேசிய மாணவர் படை), யூத் ரெட் கிராஸ், எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம், ரோட்டரியின் இளைஞர் பிரிவான ரோட்டராக்ட், தமிழ் மன்றம், நாடகக் குழு, பறவை பார்க்கிறவர்கள், பார்வையற்றோருக்குத் தேர்வு எழுதுகிறவர்கள் என்று நீண்டுகொண்டே போகிறது. முதல் மாதத்தில் எல்லாருமே மேசை போட்டு உட்கார்ந்து கூப்பிடுவார்கள், சந்தா வாங்குவார்கள், வாட்ஸாப் குழுவில் சேர்ப்பார்கள். ஆறு குழுவில் பெயர் கொடுத்த பிள்ளையை கார்த்திகைக்குப் பிறகு ஆறிலும் பார்க்க முடியாது. சேவைக்கு ஒன்று, ஆசைக்கு ஒன்று, அவ்வளவு போதும். ஆசைக்கு எது என்பது உன் இஷ்டம். சேவைக்கு எது, அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்.சி.சி.யில் சேர்வதானால் மூன்று வருடமும் நிற்கிற எண்ணத்தோடு சேர். இரண்டு வருடத்தில் 'பி' சான்றிதழ், மூன்றாம் வருடத்தில் 'சி' சான்றிதழ். இரண்டுக்கும் முகாம் போயிருக்க வேண்டும், பரேடு வருகை 75 சதவீதம் வேண்டும். 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' தரமும் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், ராணுவத்தின் குறுகியகால அதிகாரிப் பணிக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. என்கிற தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் அந்த வழி உண்டு. சீருடை வேலையில் நாட்டம் இல்லாவிட்டால் அந்த இடத்தை நாட்டம் உள்ள பிள்ளைக்கு விட்டுவிடு.

உனக்கு நான் சொல்வது என்.எஸ்.எஸ். 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி பிறந்த நூற்றாண்டை ஒட்டி, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. வளாகத்துக்கு வெளியே ஊருக்குள் போய் வேலை செய்வதுதான் அதன் உயிர். மணிக்கணக்கிலும் அது தெரியும். வருடத்துக்கு 120 மணி நேரத்தில் 20 பயிற்சிக்கு, 30 வளாகத்துக்குள், மீதி 70 வெளியே மக்களோடு. இரண்டு வருடத்தில் 240 மணி நேரமும் ஒரு ஏழு நாள் சிறப்பு முகாமும் முடித்தால்தான் சான்றிதழ். வருடத்தில் முப்பது வாரம் வகுப்பு நடக்கிறது என்று வைத்தால் வாரத்துக்கு நான்கு மணி நேரம். ஒரு சனிக்கிழமை காலை போதும். இதைச் சேர்த்துவைத்து மாசி பங்குனியில் ஒட்டுக்காக முடிக்கப் பார்க்கிறவர்கள்தான் தேர்வு நேரத்தில் திண்டாடுகிறார்கள்.

பணிக் குறிப்பேட்டில் தேதி, இடம், நேரம், செய்த வேலை, எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்று அன்றைக்கே எழுது. திட்ட அலுவலரிடம் அந்த வாரத்துக்குள் கையெழுத்து வாங்கு. ஆறு மாதம் கழித்துப் போனால் அவருக்கும் நினைவிருக்காது, உனக்கும் இருக்காது. வேலை வகுப்பு நேரத்தில் வந்தால் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை முந்தின நாளே துறையில் கொடுத்துவிடு. எத்தனை நாள் ஓ.டி. ஏற்பார்கள் என்பதையும் இப்போதே கேட்டுவை. சேவைக்குப் போய் வருகை குறைந்து தேர்வு எழுத முடியாமல் போவது சேவைக்கே கெட்ட பெயர்.

சிறப்பு முகாமுக்கு ஒரு அணியிலிருந்து ஐம்பது பேர் போவீர்கள். எந்தக் கிராமம் என்று முடிவானதும் பதினைந்து நாளுக்கு முன்பு நான்கைந்து பேர் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தங்குகிற பள்ளியில் கழிப்பறை எத்தனை, அதில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, தொட்டி எவ்வளவு கொள்ளும், இரவில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பெண் பிள்ளைகள் முகாமில் பாதிச் சிரமம் இதில்தான் வரும். அரிசி ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் என்று கணக்குப் போட்டால் ஐம்பது பேருக்கு ஏழரை கிலோ. மண்வெட்டி பிடித்த அன்றைக்குக் கொஞ்சம் எச்சா போடச் சொல்லுங்கள். தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் மலையோரக் கிராமமாக இருந்தால் பொழுது சாய்ந்த பிறகு யாரும் தனியாக வெளியே போகக்கூடாது. யானை வருகிற வழியை வனத்துறைக்காரரிடமும் ஊர்க்காரரிடமும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

பல முகாம்களில் பேரணி போவார்கள், கோயில் வாசலைக் கூட்டுவார்கள், படம் எடுப்பார்கள், ஏழாம் நாள் கிளம்பிவிடுவார்கள். ஊருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஊராட்சிச் செயலர், பள்ளித் தலைமையாசிரியர், கிராம சுகாதாரச் செவிலியர் மூவரிடமும் முன்னாடியே கேளுங்கள். ஒருவர் முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம் எழுத ஆள் வேண்டும் என்பார், இன்னொருவர் நான்காம் வகுப்பில் தமிழ் படிக்கத் தடுமாறுகிற பிள்ளைகளைக் காட்டுவார். அந்த வேலையை எடுத்துச் செய்தால் நீங்கள் போன பிறகும் அது நிற்கும்.

வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடத்தினால் நேரம் பார்த்துப் போ. காலை பத்து மணிக்குப் போனால் நம் பக்கத்துக் கிராமத்தில் பாதி வீடு பூட்டியிருக்கும். வெடியாலயே தோட்டத்துக்கும், மில் வண்டிக்கும், பனியன் கம்பெனிக்கும் போயிருப்பார்கள். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர் இரவுப் பாளி முடித்துப் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார். கதவைத் தட்டி எழுப்பினால் எரிச்சலில்தான் பதில் சொல்வார். பொழுதோட ஆறிலிருந்து எட்டுக்குள் போங்கள், இருவர் இருவராக. வடக்கிலிருந்து வந்து தங்கியிருக்கிற குடும்பங்களை விட்டுவிடாதீர்கள். இந்தி தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போங்கள். பள்ளிக்குப் போகாத குழந்தைகள் அந்த லைன் வீடுகளில் இருக்கக்கூடும். கணக்கெடுத்த தாளின் ஒரு நகலை ஊராட்சியில் கொடுத்துவிட்டு வர வேண்டும். கல்லூரி அலமாரியில் கிடக்கிற கணக்கு யாருக்கும் உதவாது.

மரம் நடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. ஜூன் 5 வந்தால் எல்லா வளாகத்திலும் நடுவார்கள். கொங்கு நாட்டுக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில்தான். ஜூனில் நட்ட கன்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றில் அடிபட்டு, தண்ணீரில்லாமல் காய்ந்துபோகும். புரட்டாசி கடைசியில் நடச் சொல். குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே தோண்டி ஆறப்போட வேண்டும். மேல்மண்ணைத் தனியாக எடுத்துவைத்து, ஒரு கூடை மக்கிய தொழுவுரத்தோடு கலந்து அடியில் போடுங்கள். பச்சைச் சாணம் போட்டால் சூட்டில் வேர் கருகும். பாலிதீன் பையைக் கிழித்து முழுதாக எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் பையோடு நட்டுவிடுகிறார்கள். வேர் உள்ளேயே சுருண்டு, மூன்றாம் வருடம் காற்றுக்கு மரம் சாய்ந்துவிடும். கன்று நாலடி உயரம் இருந்தால் நல்லது. காற்றடிக்கிற பக்கம் குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டு.

நடுவதற்கு முன்னால் தண்ணீர்க் கணக்கைப் போடு. ஒரு கன்றுக்கு ஒரு தடவை பத்து லிட்டர், வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் நூறு கன்றுக்கு வாரம் 2,000 லிட்டர். சித்திரை, வைகாசியில் நீங்கள் விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிடுவீர்கள். அந்த வாரங்களில் யார் ஊற்றுவார்கள் என்று பெயரோடு எழுதிய தாள் இல்லாவிட்டால் நூறு வேண்டாம், இருபது நடுங்கள். வேம்பு, புங்கன், வெள்வேல் நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் தாங்கும். புங்கனை ஆடு அவ்வளவாகக் கடிக்காது. குளக்கரையில் பனங்கொட்டை போடுகிறார்கள் என்றால் அதில் சேர்ந்துகொள். பத்தடிக்கு ஒன்று, ஒரு சாண் ஆழம், மழைக்கு முன்னால் போட்டால் போதும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. முளை முதலில் கீழேதான் இறங்கும். முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்க்காதீர்கள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு மாதிரி மேய்ச்சல் நிலத்தைக் காலி இடம் என்று நினைத்து அடர்த்தியாக மரம் வைக்கக் கிளம்பினால் நீ தடுத்துச் சொல். கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியும் ஆங்காங்கே வெள்வேலும் சேர்ந்ததுதான் அந்த நிலம். நிழல் கூடினால் புல் போய்விடும், மாடும் போய்விடும்.

குளம் சுத்தம் செய்யப் போனால் கெட்டியான கையுறையும் மூடிய செருப்பும் இல்லாமல் இறங்காதே. மருத்துவமனை ஊசி கிடக்கும். குப்பையை அள்ளிக் கரையில் மூட்டையாக வைத்துவிட்டு வந்தால் மறுநாள் நாய் கிழித்து மறுபடி குளத்துக்கே போய்விடும். மாநகராட்சி வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று உறுதி செய்த பிறகுதான் நாள் குறிக்க வேண்டும்.

ரத்ததான முகாம் உன் அணியில் கட்டாயம் வரும். உனக்குப் பதினெட்டு மார்கழியில்தான் முடிகிறது, அதுவரை கொடுக்க முடியாது. பதிவு மேசையில் உட்கார். எடை 45 கிலோ இருந்தால் 350 மி.லி. எடுப்பார்கள், 450 மி.லி. எடுக்க 55 கிலோவுக்கு மேல் வேண்டும். ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. பச்சை குத்தியிருந்தால் ஒரு வருடம் கழித்துத்தான். மயங்கி விழுகிற பிள்ளைகளில் அதிகம் பேர் முதல் தடவை கொடுக்கிறவர்கள், காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள், இரவெல்லாம் முழித்தவர்கள். பதியும்போதே "சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா" என்று கேள். இல்லை என்றால் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல். எடுப்பதற்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கக் கொடு. எடுத்த பிறகு கால் மணி நேரமாவது உட்கார வைக்காமல் அனுப்பாதே. தலை சுற்றினால் உடனே படுக்க வைத்துக் காலைத் தூக்கி வை. சுற்றி நிற்கிற கூட்டத்தை விலக்கு.

ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள் கால் மணி நேரம் என்றால் நான்கு கட்டிலில் மணிக்குப் பதினாறு பேர், காலை முழுக்க அறுபது பேர்தான் முடியும். இருநூறு பேரை ஒரே நேரத்தில் வரச் சொன்னால் வெயிலில் நின்று களைத்துப் போவார்கள். அரைமணிக்கு எட்டுப் பேர் என்று நேரம் குறித்துக் கொடு. ரத்த வங்கிக்கு எத்தனை பை வேண்டும் என்று கேட்டுத்தான் ஆள் சேர்க்க வேண்டும். சிவப்பணு 35 முதல் 42 நாள்தான் வைத்திருக்க முடியும், தட்டணு ஐந்தே நாள். ஒரே நாளில் குவித்தால் வீணாகும். கல்லூரிகள் மூடியிருக்கிற மே மாதத்தில்தான் தட்டுப்பாடு, அதனால் ஏப்ரல் கடைசியில் ஒரு சின்ன முகாம் வையுங்கள் என்று கூட்டத்தில் சொல். ஹீமோகுளோபின் குறைவென்று திருப்பி அனுப்பப்படுகிற பெண் பிள்ளைகளின் பெயரை எல்லார் முன்னாலும் படிக்க விடாதே. தனியாகக் கூப்பிட்டு வளாக மருத்துவரிடம் அனுப்பு. முருங்கைக்கீரையும் கம்பும் தட்டில் வரட்டும், சாப்பிட்ட உடனே டீ வேண்டாம். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதுவதை நீ பட்டியலின் கடைசியில் போட்டிருக்கிறாய். என் கணக்கில் அது முதலில் வரும். மூன்று மணி நேரத் தேர்வுக்கு அவர்களுக்கு மணிக்கு இருபது நிமிடம் கூடுதல், ஆக நான்கு மணி நேரம் நீ உட்கார வேண்டும். எழுதுகிறவர் படிப்பில் தேர்வரை விட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்ற விதி பல தேர்வுகளில் உண்டு, ஒப்புக்கொள்வதற்கு முன் அந்தத் தேர்வின் அறிவிப்பைப் படி. அடையாள அட்டை, ஆதார், இரண்டு பேனாவோடு அரைமணி முன்னால் போ. வினாத்தாளை முழுக்க ஒரு முறை மெதுவாக வாசி, மதிப்பெண்ணோடு, 'அல்லது' என்கிற இடத்தோடு. அவர் சொல்வதை அப்படியே எழுது. தப்பு என்று தெரிந்தாலும் திருத்தக்கூடாது, முகத்தைச் சுளிக்கவோ "ம்ம்" என்று இழுக்கவோ கூடாது. பெயர்ச்சொல் வந்தால் எழுத்துக்கூட்டிக் கேள். கேட்டால் எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டு. வர முடியாது என்றால் இரண்டு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். காலையில் காய்ச்சல் என்று நீ படுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அந்தத் தாளே போய்விடும். வாக்குக் கொடுக்கும்போதே உனக்குப் பதிலாக இன்னொரு தோழியின் பெயரையும் சேர்த்துக் கொடு.

பணம் தொடுகிற வேலை உன்னிடம் வந்தால், வெள்ள நிவாரணமோ நோம்பிக்குத் துணிமணியோ எதுவானாலும், உன் சொந்த ஜிபே எண்ணைக் கொடுக்காதே. சங்கக் கணக்கில் இருவர் கையெழுத்தோடு நடக்கட்டும், ஒவ்வொருவருக்கும் ரசீது போகட்டும். ஆயிரம் கட்டினால் தன்னார்வலர் சான்றிதழ் என்று இணையத்தில் கூப்பிடுகிறவர்கள் பக்கமே போகாதே.

பெற்றோர் சம்மதப் படிவத்தில் அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். ரத்த வகை எழுதுகிற இடத்தில் உன் பழைய பரிசோதனைச் சீட்டைப் பார்த்துத்தான் எழுதினோம், அதன் நகலும் கூட இருக்கிறது. வெள்ளிக்கிழமை பெரியப்பா கோயம்புத்தூர் வரும்போது கொண்டுவந்து தருவார். சங்கத்தில் பெயர் கொடுத்ததும் எந்தச் சனிக்கிழமையிலிருந்து என்று சொல், நீ ஊருக்கு வருகிற வாரங்களை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா