படம் போடும் முன் ஒரு நிமிடம்

நண்பர்களே, வணக்கம். நேற்று ஓர் ஆந்தைக் கூட்டின் படமும் அதன் இருப்பிடமும் குழுவில் வந்தன. படம் அருமை. ஆனால் இருப்பிடத்தை நீக்கச் சொல்லிவிட்டேன், கோபப்பட வேண்டாம். கூடு எங்கே என்று தெரிந்தால் கேமராவோடு கூட்டம் சேரும். பிடித்து விற்பவர்களும் மோப்பம் பிடித்து வருவார்கள். உயிரினங்களைப் படமெடுத்துப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளமே, அழியும் நிலையில் உள்ள உயிரினங்கள் இருக்கும் இடத்தை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்குள் எங்கோ என்று மங்கலாக்கித்தான் காட்டுகிறது.

குப்பை கொட்டுவது, கழிவுநீர் கலப்பது போன்றவற்றின் படம் என்றால் நேர்மாறு: இடம், தேதி, நேரம் மூன்றும் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்ளே பதிந்திருக்கும் அந்த விவரங்கள் போய்விடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், புகார் கொடுக்க அதுதான் உதவும்.

அப்புறம், பழைய படங்கள். 2019 அமேசான் காட்டுத்தீயின்போது பல ஆண்டுகளுக்கு முந்தைய படங்களும் உலகம் முழுக்கச் சுற்றின. படம் பழையதா என்று, படத்தை வைத்தே தேட உதவும் கூகுள் லென்ஸில் ஒருமுறை தேடிவிட்டுப் பகிருங்கள்.

காலை வணக்கப் பூப்படங்கள் பற்றி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது!

– குழு நிர்வாகி