அந்தப் பாயைக் கொஞ்சம் அவிழ்த்துவிடுங்கள்

துருக்கியின் ஃபெத்தியே கடலோரத்தில் பாய்மரப் பயணம் நடத்துகிறவர்களுக்கும் கேப்டன்களுக்கும்,

வணக்கம். ஃபெத்தியேயில் உங்கள் குலெட் என்கிற பாய்மரப் படகு ஒன்றில் ஏறி, நான்காம் நாள் கிழக்கே தெம்ரே ஊரில் இறங்கியவன் நான். எந்தப் படகு என்று சொல்லப்போவதில்லை, விசாரித்தவரை பல படகுகளிலும் இதே கதைதான். விளம்பரப் படத்தில் இரண்டு மரத்திலும் வெள்ளைப் பாய் புடைத்து நிற்கிறது. நேரில், நான்கு நாளும் பாய் நீல உறைக்குள் சுருண்டு கிடந்தது, உறை கட்டிய கயிற்றில் யாரோ ஈரத்துண்டு காயப்போட்டிருந்தார்கள். ஓடியது முழுக்க டீசல் இன்ஜின்தான்.

வேறு எதிலும் குறை இல்லை. (மேல்தளத்தில் வானத்தைப் பார்த்துத் தூங்கிய கதையை வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

கேப்டனிடம் கேட்டால் காற்று சரியில்லை என்றார். சரி, குலெட் அகலமான கனத்த மரப்படகு, எதிர்காற்றில் திணறும், புரிகிறது. ஆனால் கோடையில் அங்கே அடிக்கிற மெல்டெம் காற்று வடமேற்கிலிருந்து வருகிறது, நாம் போனதோ கிழக்கே. காற்று முதுகுக்குப் பின்னால்! அப்புறம் என்ன சிக்கல் என்றால், விடியற்காலையில் கடல் அசையாமல் கிடக்கும்போது இன்ஜினில் ஓடிவிட்டு, மதியத்துக்கு மேல் காற்று எழும்புகிற நேரம் பார்த்து ஏதாவது ஒரு குடாவில் நங்கூரம் போட்டுவிடுகிறீர்கள். யாருக்கும் வாந்தி வராது, மேசையில் தம்ளர் உருளாது, நேரக்கணக்கும் தப்பாது. நியாயம்தான், ஆனால் நான்கு நாளில் ஒரே ஒரு மதியம்கூடவா முடியாது?

காஷ் ஊரைத் தாண்டி உலுபுருன் முனையைக் கடந்தபோதுதான் எனக்கு ஆறவில்லை. சுமார் 3,300 வருஷத்துக்கு முன்னால் 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும் ஏற்றிவந்த கப்பல் மூழ்கிய இடம் அது. 1982-இல் கடற்பஞ்சு எடுக்க இறங்கிய ஒருவர் கண்ணில் பட்டு, 1984 முதல் 1994 வரை 22,000 தடவைக்கு மேல் முக்குளித்து மேலே கொண்டுவந்தார்கள், பொருளெல்லாம் இப்போது போத்ரும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அத்தனை பாரத்தையும் காற்றை நம்பி ஏற்றிவந்திருக்கிறான் ஒருத்தன். நாங்கள் அங்கே பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காத இரைச்சலில் போனோம். கெகோவா தீவிலும் அப்படித்தான், நிலநடுக்கத்தில் அமிழ்ந்த வீட்டுப் படிக்கட்டு தண்ணீருக்குள் இறங்குவதை எல்லோரும் எட்டிப் பார்க்கிறோம், மூக்கில் டீசல் புகை.

காற்று பின்னாலிருந்து வரும் ஒரு மதியம், ஒரு மணி நேரம், இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாய் விரியுங்கள். கயிறு இழுக்க ஆள் போதாதென்றால் எங்களைக் கூப்பிடுங்கள், ஓடி வருவோம். முடியாதென்றால் விளம்பரத்தில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு மோட்டார் படகு என்றே போடுங்கள், அதற்கும் ஆள் வருவார்கள்.

மறுபடி வருவதாகத்தான் இருக்கிறேன். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பாய் எத்தனை மணி நேரம் விரியும் என்று கேட்பேன், பதில் தயாராக வைத்திருங்கள்.