டொமோகோ கேலிப்பொருள் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான பள்ளிக்கூட நகைச்சுவை அனிமே (ஜப்பானிய அசைபடத் தொடர்) பற்றிய கட்டுரை, 'வாட்டமோட்டே' தொடரை இரண்டே வரியில் கடந்து போயிருந்தது. தனிமையில் வாடும் ஒரு மாணவியைக் கேலிப்பொருளாக்கும் தொடர், பார்ப்பவர் மனம் நோகும் என்பது அந்த வரிகளின் சாரம். மனம் நோகும் என்பது சரி. கேலிப்பொருள் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிகோ தனிகாவா என்ற புனைபெயரில் ஒருவர் எழுத, இன்னொருவர் வரைய, 2011இல் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் இணைய இதழில் தொடங்கிய மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை இது. ஷின் ஓனுமா இயக்கத்தில் சில்வர் லிங்க் நிறுவனம் 2013 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை 12 அத்தியாயங்களாக அனிமே எடுத்தது. 'எனக்கு மவுசு இல்லாததற்கு, எப்படி யோசித்துப் பார்த்தாலும் உங்கள்மேல்தான் தப்பு' என்பது முழுத் தலைப்பின் பொருள். அப்படி நினைப்பவள் டொமோகோ குரோகி, வயது 15. காதல் வீடியோ கேம்களில் எத்தனையோ பையன்களின் மனதை வென்றிருக்கிறாள். அந்த அனுபவமே போதும், உயர்நிலைப் பள்ளியில் தானாகப் பிரபலமாகிவிடலாம் என்று நம்பிப் போகிறாள். இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. வகுப்பில் அவளோடு பேச ஆள் இல்லை.

அந்த வகுப்பில் அவளை யாரும் அடிப்பதில்லை, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதில்லை, புத்தகத்தைப் பிடுங்கி ஒளித்து வைப்பதில்லை. நல்ல பிள்ளைகள்தான். அவள் அங்கே இருப்பதே அவர்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவே. ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. முதல் சில வாரங்களிலேயே வகுப்பில் நட்புக் கூட்டங்கள் சேர்ந்துவிடும், மாலையில் விளையாட்டு, கலை என்று பள்ளியில் இருக்கும் அவரவர் மன்றங்களுக்குப் போய்விடுவார்கள். எந்த மன்றத்திலும் சேராத டொமோகோ நேராக வீட்டுக்குப் போகிறாள். வில்லனே இல்லாத கதையில் எப்படிக் கேலி இருக்கும்? பள்ளி முடிந்து கிளம்பும்போது ஆசிரியர் 'பார்த்துப் போம்மா' என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறார். பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. பேச்சுப் பழக வேண்டும் என்று தம்பி டொமோகியிடம் போய், தினமும் ஒரு மணி நேரம் என்னோடு பேசு என்று கேட்கிறாள். அவன் எரிந்து விழுகிறான், இருந்தாலும் உட்கார்ந்து கேட்கிறான். டொமோகோவுக்குக் குரல் கொடுத்திருக்கும் இசுமி கிட்டாவை இங்கே சொல்லியே ஆக வேண்டும். மனதுக்குள் பேசும்போது மடை திறந்த மாதிரி வருகிற பேச்சு, எதிரில் ஆள் வந்ததும் தொண்டையில் சிக்கி முணுமுணுப்பாகிறது. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளையோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த முணுமுணுப்பு தெரியும்.

என்னை மிகவும் கலங்கடித்தது கீச்சான் வரும் அத்தியாயம். கீச்சான் டொமோகோவுக்கு உறவுமுறையில் தங்கை. அவளிடம் பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்று, தனக்குக் காதலன் இருப்பதாக டொமோகோ அளந்து விடுகிறாள். பொய் என்பது தெரிந்ததும் கீச்சான் சண்டை போடவில்லை, சிரிக்கவும் இல்லை. அக்காவைப் பார்த்து இரக்கப்படுகிறாள். பள்ளியில் யாரும் கண்டுகொள்ளாததைத் தாங்குகிற டொமோகோவால் அந்த இரக்கத்தைத் தாங்க முடியவில்லை. கேலி செய்ய நினைத்தவர்களுக்கு இப்படி ஒரு காட்சியை எழுத வராது.

டொமோகோ நல்ல பெண் இல்லை என்பதையும் கட்டுரையாளர் குறையாகச் சொல்லியிருந்தார். எனக்கு அதுவே தொடரின் பெரிய நேர்மையாகப் படுகிறது. கலகலப்பாக இருக்கும் வகுப்புப் பெண்களை மனதுக்குள் மட்டமாகத் திட்டுகிறாள், பொறாமைப்படுகிறாள், பொய் சொல்கிறாள். நீண்ட நாள் ஒதுங்கியே இருக்கும் மனதில் கசப்பு ஊறத்தான் செய்யும். 'கோமி' என்ற இன்னொரு தொடரின் நாயகி பேச வராதவள், ஆனால் பள்ளியே மலைத்து நிற்கும் அழகி. 2022இல் வந்த 'போச்சி தி ராக்' எனக்கும் பிடித்த தொடர்தான். அதில் ஹிதோரி கோட்டோ யாரோடும் பேச மாட்டாள், ஆனால் மூன்று ஆண்டுகள் அறைக்குள் அடைந்து கிடந்து கிடார் பழகியவள். அந்தத் திறமை அவளை ஒரு இசைக்குழுவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. காட்டுவதற்கு அழகும் இல்லாத, கிடாரும் இல்லாத பிள்ளைகள்தான் உலகத்தில் அதிகம். அவர்களுக்காக எழுதப்பட்ட கதை டொமோகோவுடையது.

அவளுக்கு யாருமே இல்லை என்பதும் சரியல்ல. வேறு பள்ளிக்குப் போய்விட்ட பழைய தோழி யூ, பள்ளி விழாவுக்கு அவளைத் தேடி வருகிறாள். யூ கிளம்பியபின் தனியாக நிற்கும் டொமோகோவை, பொம்மை வேடம் போட்ட ஒருவர் வந்து கட்டிக்கொள்கிறார். உள்ளே இருப்பது மாணவர் மன்றத் தலைவி இமாயே. அது டொமோகோவுக்குத் தெரியாது. இரக்கம் காட்டுவதிலும் எதிராளியின் மானத்தைக் காப்பாற்றத் தெரிந்த பெண் இமாயே.

அனிமே முதலாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதை மட்டும் பார்த்தால் கட்டுரையாளர் சொல்வது போல ஒரு கைப்பு மிஞ்சலாம். மங்கா அங்கே நிற்கவில்லை. இரண்டாம் ஆண்டில் கியோட்டோ சுற்றுலா வருகிறது. எந்தக் குழுவிலும் சேராமல் மிஞ்சியவர்களை ஒன்றாகப் போடுகிறார்கள். முரட்டுப் பெண் என்று பெயரெடுத்த யோஷிதா, தோழி வேறு குழுவுக்குப் போய்விட்ட வருத்தத்தில் இருக்கும் யூரி, இவர்களோடு டொமோகோ. அங்கிருந்து ஒவ்வொருவராக அவள் வாழ்க்கைக்குள் வருகிறார்கள். வகுப்பில் எல்லாருக்கும் பிடித்த நெமோட்டோகூட, பின்னணிக் குரல் கலைஞராகும் ஆசையை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தவள் என்று தெரிய வருகிறது. டொமோகோ குணம் மாறிப் புதுப் பெண்ணாகவில்லை. அதே கோணல் பேச்சு, அதே கற்பனைகள். அப்படியே இருக்கும் அவளை மற்றவர்களுக்குப் பிடித்துப்போகிறது. இதை ஒரே அத்தியாயத்தில் முடிக்காமல் ஆண்டுக்கணக்கில் பொறுமையாக எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த இதழ்களில் இந்தக் கட்டுரை தொடரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்தச் சுற்றுலாப் பகுதியைப் படித்த ஒருவரைக் கொண்டு டொமோகோவுக்கு ஒரு முழுப்பக்கமாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் இதழைப் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளில் வகுப்பில் யாரோடும் பேசாதவர்களும் இருப்பார்கள். இரண்டு வரி விமர்சனத்தைப் பார்த்து அவர்கள் இந்தக் கதையைத் தொடாமல் போய்விடக் கூடாது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.