ஒட்டுக்குக் கீழே உழைத்தவர்களுக்கு நன்றி

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் மாங்கன்று வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ரகத்தை: செந்தூராவா, அல்போன்சாவா, பெங்களூராவா என்று. அடுத்து ஒட்டுக் கட்டிய இடத்தைத் தடவிப் பார்ப்பார்கள். ஒட்டைத் தாங்கிக் கீழே இருக்கும் வேர்ச்செடியையும் பையிலுள்ள மண்ணையும் யாரும் விசாரிப்பதில்லை. இந்த வருஷம் யூரியா, டிஏபி என்று ரசாயன உரம் எதுவும் வைக்காமலே எங்கள் நாற்றங்கால் வேர்ச்செடிகள் பென்சில் கனத்துக்கு வந்துவிட்டன. அந்த மண்ணைத் தயார் செய்து கொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் தெரு ஆயாவுக்கு. "வெந்த எருதான் தருவேன், அவசரப்பட்டா வேற இடம் பாரு" என்று கறாராகச் சொன்னவர். வேகாத சாணத்தில் வேர் கடிக்கும் வெள்ளைப் புழு வந்துவிடும். அவர் குப்பைக்குழி எருவைக் கையில் எடுத்தால் சாண வாடையே இல்லை, பொலபொலவென்று உதிர்ந்தது.

அந்த எருவில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சாணத்தைக் கலந்து, தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்குப் போட்டு நிழலில் மூடி வைக்கச் சொன்ன வேளாண் அலுவலர் மேடத்துக்கு அடுத்த நன்றி. இரண்டு வாரத்தில் சாக்கைத் தூக்கினால் குவியல் மேல் பச்சைப் பூஞ்சாணம் படர்ந்திருந்தது. நாற்றழுகலைத் தடுக்கும் காவல்காரன் அதுதான். பதிக்கும் மாங்கொட்டைக்கு அடியில் ஒரு சிட்டிகை வேர் உட்பூசணம் (வேரோடு ஒட்டி வாழும் நல்ல பூஞ்சாணம்) போடச் சொன்னவரும் அவரே. வேர் எட்டாத இடத்து மணிச்சத்தை (பாஸ்பரஸை) அது இழுத்துக் கொடுக்கிறது.

செக்கு அண்ணன் வேப்பம் புண்ணாக்கைக் கடனுக்கே தந்தார். கயிறு மில்லிலிருந்து நார்க்கழிவை ஓட்டி வந்த டிராக்டர் தம்பிக்கும் நன்றி. பச்சை நார்க்கழிவை அப்படியே போட்டால் செடி மஞ்சளித்துவிடும். மக்க வைத்துப் போட்டால்தான் ஈரம் நிற்கும், பையும் கனக்காது. ஆனால் அளவு மீறினால் லாரியிலிருந்து இறக்கும்போது மண்கட்டி உடைந்து வேர் வெளியே வந்துவிடும். செம்மண்தான் பிடிமானம். நார்க்கழிவு மட்டுமே போதும் என்பவர்கள் ஒரு லோடு இறக்கிப் பார்க்கட்டும்!

மாம்பழக் கூழ் எடுக்கும் பல்ப் ஃபேக்டரியில் கழித்த கொட்டைகளைக் காயவிடாமல் உடனே எடுத்து வந்து, தண்ணீரில் போட்டு, மிதந்ததை ஒதுக்கி, ஓடு நீக்கிப் பதித்த அக்காமார்களை எப்படிச் சொல்வது! மாங்கொட்டைக்கு முளைப்புத்திறன் சில வாரம்தான். மழையிலும் கோணி போர்த்திக்கொண்டு பை நிரப்பினார்கள். பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளித்ததும் அவர்களே. வாடையைப் பற்றி அவர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஒட்டுக் கட்டிய அண்ணன்மாருக்கும் நன்றி. அவர்களுக்குப் பாராட்டு எப்படியும் கிடைத்துவிடும்.

ஆளுக்கு இரண்டு செந்தூரா ஒதுக்கி, நிழல்வலைக்குள் கிழக்கு வரிசையில் வைத்திருக்கிறேன். மழை பிடிப்பதற்குள் வந்து எடுத்துப் போங்கள். ஆயா, உங்களுக்கு நானே கொண்டு வந்து நட்டுத் தருகிறேன்.