உப்புவெளிக் கடற்கரையில் சைக்கிளை நிறுத்திய ஐயாவுக்கு

போன சனிக்கிழமை காலை உப்புவெளிக் கடற்கரையில், குதிரை துள்ளுநடை போட்டதும் சேணத்தின் மேல் மூட்டை மாதிரிக் குலுங்கியவன் நான்தான். கால் வைக்கும் வளையமான அங்கவடி இல்லாமல் பழகிய முதல் நாள். விழுந்துவிடுவேனோ என்று முழங்காலை இறுக்க இறுக்க, உடம்பு இன்னும் எகிறியது.

மீன் வாங்க வந்த நீங்கள் சைக்கிளை நிறுத்தி, "தம்பி, இறுக்காதையும், காலைத் தொங்கவிடும். பயமெண்டால் பிடரி மயிரைப் பிடியும், கடிவாளத்தில தொங்காதையும்" என்றீர்கள். துள்ளுநடையில் ஒரு முன்னங்காலும் அதற்குக் குறுக்கான பின்னங்காலும் சேர்ந்தே விழும். ஒன்று, இரண்டு என்று எண்ணி இடுப்பைத் தளர்த்தச் சொன்னதும் நீங்கள்தான்.

குதிரை இருபது எட்டு வைக்கும்வரை ஒழுங்காக இருந்தேன். அப்புறம் பழையபடி மூட்டை. சரி, எனக்கு அதுவே பெரிது. திரும்பினால் உங்களைக் காணோம், பெயர்கூடக் கேட்கவில்லை. மிக்க நன்றி ஐயா. தொடை இன்னும் வலிக்கிறது.